மார்த்தாள் எழுந்து போன ஞாயிற்றுக்கிழமை

புதிதாக அங்கி போட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களுக்காக நான் ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டார்கள். "உங்க ஊழியத்தின் வெற்றிகளைப் பத்தி நாலு பக்கம் எழுதுங்கம்மா" என்றார்கள். நாலு பக்கத்துக்கு வெற்றிக்கு நான் எங்கே போவேன்? அரைப் பக்கம் தேறினால் அதிகம். தோல்வி என்றால் தாராளமாக வரும், அதனால் அதையே எழுதுகிறேன். பிரசங்கம் தயாரிப்பது, ஞானஸ்நானப் பதிவேடு நிரப்புவது, கமிட்டியில் சண்டை வந்தால் மின்விசிறியைக் கூட்டி வைப்பது எல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம். ஒரு மனுஷியை நான் சபையை விட்டே துரத்திய கதை.

நான் செங்கல்பட்டுக்காரி. பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் குருப்பட்டம் பெற்றவள். கணக்கு டீச்சரின் புத்தி தெரியுமல்லவா? மணி அடிப்பதற்குள் விடை வந்தாக வேண்டும். அந்தப் புத்தியை மடியில் கட்டிக்கொண்டுதான் செய்யூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சபையில் போய் இறங்கினேன். முப்பத்தி நாலு குடும்பங்கள். நெல், வேர்க்கடலை, கோடையில் தர்பூசணி. மேற்கே சவுக்குத் தோப்பு, கிழக்கே போனால் கடல்.

எங்கள் பக்கத்தில் போதகரை ‘ஐயர்’ என்பார்கள், அவர் மனைவியை ‘ஐயரம்மா’ என்பார்கள். போதகரே பொம்பளையாக வந்து நின்றால் எப்படிக் கூப்பிடுவது? கமிட்டி கூடி, டீ குடித்து, ஒரு மணி நேரம் பேசி, எனக்கும் ‘ஐயரம்மா’ என்றே தீர்ப்புச் சொன்னது. என் வீட்டுக்காரருக்குத்தான் ஒரு பெயரும் அமையவில்லை. தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன், "தோ பாரு, ஐயரம்மா வூட்டுக்காரரு போறாரு" என்று ஊர் சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கீரை வாங்கிக்கொண்டு வருவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நற்கருணைக்கு முன்னால் நாம் சமாதானம் கொடுக்கிறோமே, அந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். பீடத்தில் இருக்கிறவர் முன்வரிசையில் ஒருவருடைய கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து எடுப்பார். அவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அப்படியே பாய் பாயாக, ஆள் ஆளாகக் கடைசி வரைக்கும் போகும். அந்தச் சபையில் நான் கொடுத்த முதல் சமாதானம் பெண்கள் பக்கம் கடைசிப் பாய் வரைக்கும் அழகாகப் போனது. அங்கே ஜன்னலோரம் ஒரு அம்மாள், கதவோரம் ஒரு அம்மாள், நடுவில் மூன்று ஆள் உட்காரும் காலி இடம். கமிட்டிச் செயலாளரின் மனைவி எழுந்து ஜன்னலோரத்துக்குப் போய் ஒரு கை, திரும்ப நடந்து கதவோரத்துக்குப் போய் ஒரு கை கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தபால்காரி மாதிரி. யாரும் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. ஆறு வருஷமாக அப்படித்தானாம்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் மார்த்தாள். கதவோரம் எஸ்தர். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி மார்த்தாள், தம்பி பெண்டாட்டி எஸ்தர். பக்கத்துப் பக்கத்து நிலம், இரண்டு நிலத்துக்கும் ஒரே போர் மோட்டார். ஒரு நாள் இவளுக்குத் தண்ணீர், மறுநாள் அவளுக்கு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதத்தில் மார்த்தாளின் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். மார்த்தாளும் கொழுந்தனும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எட்டு நாள் அங்கேயே கிடந்தார்கள். ஊரில் இருந்தது எஸ்தர் மட்டும். அந்த எட்டு நாளும் மோட்டார் ஓடியது. ஓடிய தண்ணீர் எல்லாம் எஸ்தரின் வேர்க்கடலைக்கே பாய்ந்தது. ஒன்பதாம் நாள் புருஷனைப் பிணமாகக் கொண்டு வந்து இறக்கிய மார்த்தாள், அடக்கம் முடிந்து நிலத்துக்குப் போய்ப் பார்த்தால், பூப்பிடித்திருந்த தர்பூசணிக் கொடி மொத்தமும் கருகிக் கிடக்கிறது. அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. எஸ்தரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஆஹா, கடவுள் என்னை இதற்குத்தான் இங்கே அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இப்படித் தோன்றும் நாளில் நீங்கள் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்துவிடுங்கள். நான் படுக்கவில்லை.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஈஸ்டருக்குப் பிறகு, தர்பூசணி அறுப்பை ஒட்டி வரும். எல்லாரும் முதற்பலனைக் கொண்டு வந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். வந்திருக்கும் விருந்தாளி முதல் பழத்தை வெட்டுவார், ஆளுக்கு ஒரு கீற்று. அந்த வருஷம் எனக்குப் பெரிய ஆசை, பேராயரையே கூப்பிட வேண்டும் என்று. அவருக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் காலி. அன்று சாயங்காலம் மகாபலிபுரத்தில் அவருக்கு வேறு கூட்டம் இருந்தது, காலையில் நமக்கு வருகிறேன் என்றார். நான் துள்ளிக் குதித்துச் சரி என்றுவிட்டேன்.

தேதியை அறிவித்த அன்றைக்கு மார்த்தாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயரம்மா, இந்த வாட்டி மழ லேட்டு. மாசி பொறந்த அப்பாலதான் வெத போட்டோம். பழம் ஆவல. பத்து நாள் தள்ளி வெச்சுக்கோங்க."

"பேராயருக்குத் தேதி இல்லம்மா. இருக்கிறதுலயே பெரிசாப் பாத்துப் பறிங்க."

"பெரிசா இருந்தா ஆச்சா? காம்பாண்ட சுருட்டிகினு ஒரு கொடி கீது பாருங்க, அது காயணும். அடிப்பக்கம் மஞ்ச வுழணும். அது வரைக்கும் ஒண்ணியும் பண்ண முடியாது."

"கர்த்தர் பார்த்துப்பார்" என்றேன் நான். தங்கைகளே, தம்பிகளே, நம்முடைய அவசரத்துக்கு நாம் அவர் பெயரைப் போடுகிற மாதிரி அயோக்கியத்தனம் வேறு இல்லை. மார்த்தாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதோடு விட்டேனா? இன்னொரு ஏற்பாடும் செய்தேன். பேராயர் பவனி வர நடுவே அகலமாக வழி வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, பெண்கள் பக்கத்துப் பாய்களை எல்லாம் நெருக்கிப் போடச் சொன்னேன். கடைசிப் பாயில் எஸ்தரை முதலிலேயே உட்கார வைத்து, அவள் பக்கத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இடம் விட்டேன். பழம் சுமந்து கடைசியாக வரும் மார்த்தாளுக்கு உட்கார வேறு இடமே இருக்காது. கணக்கு சரியாக வந்தது. முதல் நாள் ராத்திரி நான் ரொம்பத் திருப்தியாகத் தூங்கினேன்.

பண்டிகை அன்றைக்கு ஆலயம் நிரம்பி வழிந்தது. மாவிலைத் தோரணம், வாழைக்குலை, வேர்க்கடலைக் கொத்து, கூடையில் ஒரு சேவல் கொக்கரித்துக்கொண்டு. மார்த்தாள் தலையில் சுமந்து வந்த தர்பூசணி ஒரு குழந்தை அளவு இருந்தது. பேராயர் கத்தியை வாங்கி, ஜெபித்து, பழத்தை இரண்டாகப் பிளந்தார்.

உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. விதைகூட வெள்ளை.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், "ஐய, பூசணிக்கா!" என்று கத்தினாள். அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. ஆண்கள் பக்கம் ஒருவர் புரையேறி இருமினார், உடனே சபையே குலுங்கிச் சிரித்தது. சேவலும் சேர்ந்து கூவித் தொலைத்தது. பேராயர் முகம் மாறாமல் ஒரு கீற்று வெட்டி வாயில் போட்டு, நிதானமாக மென்று, என் பக்கம் குனிந்து, "கூட்டு வெச்சா நல்லா இருக்கும்மா" என்றார்.

இங்கேதான் கவனியுங்கள். அந்த இடத்தில் கொஞ்சம் மூளை இருந்திருந்தால், ஒரு அவசரம் சந்தி சிரித்துவிட்டது, இன்னொன்றையாவது நிறுத்துவோம் என்று தோன்றியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லி எஸ்தரைப் பாடகர் குழுவின் பக்கம் மாற்றி உட்கார வைத்திருக்கலாம். எனக்கோ, பழத்தில் போன மானத்தைச் சமாதானத்தில் மீட்டுவிடலாம் என்று தோன்றியது.

பேராயர் எனக்குக் கொடுத்தார், நான் முன்வரிசைக்குக் கொடுத்தேன். கை கையாகச் சமாதானம் பின்னால் போகப் போக, பெண்கள் பக்கம் பேச்சுச் சத்தம் அடங்கியது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கழுத்துகள் திரும்பின. எஸ்தர் கையில் வாங்கினாள். இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு மார்த்தாள் பக்கம் திரும்பினாள்.

மார்த்தாள் அந்தக் கையைப் பார்த்தாள். எஸ்தரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அத்தனை தலைகளுக்கும் மேலாக, பீடத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். எழுந்தாள், முந்தானையைச் செருகினாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆலயத்துக்கு வெளியே சரளைக் கல்லில் அவள் செருப்புச் சத்தம் ரொம்ப தூரம் கேட்டது. எஸ்தர் நீட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டு குனிந்து அழுதாள்.

அடுத்த ஞாயிறு மார்த்தாள் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆறு வருஷம் பேசாமல் இருந்தாலும் ஒரு ஞாயிறு தவறாமல் ஒரே கூரையின் கீழ் வந்து உட்கார்ந்தவர்கள். அதையும் நான் கெடுத்துவிட்டேன். நான் வந்தபோது முப்பத்தி நாலு குடும்பம், இப்போது முப்பத்தி மூன்று. அவள் திரும்பி வருவாளா என்ற ஒரே கேள்விதான் அதற்கப்புறம் எனக்கு.

மனசு கேட்காமல் பேராயரைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டு ஒரு பெரிய கடிதம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைப் படிக்கவே இல்லை.

"அந்த அம்மா வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போங்க. வேதப்புத்தகம் எடுத்துட்டுப் போகாதீங்க. ஜெபம் பண்ணட்டுமான்னு கேக்காதீங்க. கோயிலுக்கு வாங்கன்னு சொல்லாதீங்க. அந்த ஓரகத்தி பேரையே எடுக்காதீங்க."

"அப்புறம் என்னதான் ஐயா பண்றது?"

"அதான் சொன்னேனே, போங்க."

"எத்தனை நாளைக்கு?"

அவர் சிரித்துவிட்டார். "பாருங்க, மறுபடியும் தேதி கேக்கறீங்க."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். புத்தகம் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போனால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மார்த்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஐயரம்மா, கைய வீசிகினு வந்துகீறீங்க? பொஸ்தகம் எங்க?"

"வீட்டுல இருக்கு."

"உபதேசம்?"

"இல்ல."

"அப்போ இன்னாத்துக்கு வந்தீங்க?"

"சும்மாதான்."

அவள் என்னை நம்பவில்லை. ஆனாலும் டீ கொடுத்தாள். அடுத்த செவ்வாய் டீயோடு முறுக்கு வந்தது. மூன்றாவது செவ்வாய், "சும்மா குந்திகினு இருக்கறதுக்கு இத்தத் தோலு உரிங்க" என்று ஒரு முறம் வேர்க்கடலையை முன்னால் தள்ளினாள். அப்படியே ஆடி, ஆவணி என்று மாதங்கள் போயின. மழைக்காலத்தில் நிலம் குளமாகக் கிடந்தது. தையில் விதை போட்டோம். ஆமாம், போட்டோம். குழிக்கு மூன்று விதை, நானும்தான் குனிந்து போட்டேன். இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளுக்குள் எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. வாய் வரைக்கும் வந்த வசனத்தை எத்தனை செவ்வாய் விழுங்கியிருப்பேன் தெரியுமா! பிஞ்சு விட்ட நாளிலிருந்து அந்தப் பழங்களை நான் போகும்போதெல்லாம் குனிந்து தட்டித் தட்டிப் பார்ப்பேன்.

"இன்னா அது, கதவா? தட்டினா தொறந்துகினு வர்றதுக்கு?" என்று மார்த்தாள் கத்துவாள். "வெய்யிலு அடிக்கணும், தண்ணி பாயணும், அது பாட்டுக்கு ஆவும். வந்து வைக்கோலு போடுங்க, பழத்துக்கு அடியில ஈரம் ஏறுது."

வைக்கோல் போட்டேன். பழுக்காத காயைத் தட்டிப் பார்ப்பது கையாலாகாதவளின் வேலை, அடியில் வைக்கோல் போடுவதுதான் நம் வேலை என்று எனக்குப் புரிய அந்தப் பங்குனி முழுக்க ஆனது. அவள் பக்கத்து வரப்பில் எஸ்தர் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருப்பாள். இருவரும் ஒருவர் இருக்கும் திசையை மற்றவர் பார்க்க மாட்டார்கள். நான் இரண்டு பேருக்கும் கை காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சித்திரையில் பழம் நன்றாக வந்திருந்தது. வியாபாரி வந்து பார்த்து, ஒரு திங்கட்கிழமை லாரி அனுப்புவதாகச் சொன்னான். விடியற்காலையில் மார்த்தாளும் மகளும் பழத்தை எல்லாம் அறுத்து நிலத்தின் நடுவே குவித்துவிட்டார்கள். எட்டு மணிக்கு எனக்கு போன் வந்தது. எப்போதும் அதட்டும் அந்தக் குரல் அன்றைக்குத் தழுதழுத்தது.

"ஐயரம்மா, லாரி வந்துடுச்சு. லோடு ஏத்தற ஆளுங்க ஒருத்தனும் வரல. திருக்கழுக்குன்றத்துல தேராம், அல்லாரும் அங்க பூட்டானுங்க. பன்னெண்டு மணிக்கு லாரி போயிடும்னு சொல்றான். அறுத்துப் போட்டுட்டேன், இந்த வெய்யில்ல ரெண்டு நாள் கெடந்தா அத்தினியும் அழுகிப் போயிடும்."

நான் ஸ்கூட்டியை எடுப்பதற்குள் பத்துப் பேருக்கு போன் போட்டேன். திங்கட்கிழமை, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆலய மணியடிப்பவர், கமிட்டிச் செயலாளரும் அவர் மனைவியும், என் வீட்டுக்காரர், எதிர்வீட்டு அம்மன் கோயில் பூசாரியின் இரண்டு மருமகள்கள் என்று கிடைத்தவர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போனேன்.

லாரி ரோட்டில் நின்றது. நடுவே வாய்க்கால், அதனால் வண்டி உள்ளே வராது. குவியலிலிருந்து லாரி வரைக்கும் வரிசையாக நின்று கைக்குக் கை பழத்தை வீசி வாங்கினால்தான் ஆகும். நின்று பார்த்தோம். ஆள் பற்றவில்லை. ஒருவருக்கொருவர் நாலு எட்டுத் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. அத்தனை கனத்தை அவ்வளவு தூரம் யார் வீசுவது?

வியாபாரி கடிகாரத்தைப் பார்த்தான். "யக்கா, நான் இன்னா பண்றது? அடுத்த ஊர்லயும் லோடு கீது. இது ஆவற வேலையாத் தெரியல."

அப்போது கடலை நிலத்திலிருந்து எஸ்தர் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வரப்பைத் தாண்டி வந்து, வரிசையில் ஓட்டையாக இருந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அந்த இடம் எனக்கு அடுத்த இடம். எனக்கு இந்தப் பக்கம் மார்த்தாள், அந்தப் பக்கம் எஸ்தர், நடுவில் நான்.

மார்த்தாள் பார்த்தாள். எல்லாரும் மார்த்தாளைப் பார்த்தோம். அவள் குனிந்து முதல் பழத்தை எடுத்து என்னிடம் வீசினாள். நான் எஸ்தரிடம் வீசினேன். வரிசை நகர ஆரம்பித்தது.

உண்மையைச் சொல்கிறேன், பழைய புத்தி என்னைப் பிய்த்துத் தின்றது. ‘ஒரே ஒரு எட்டு பின்னால் நகர்ந்துவிடு. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லு. இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்துவிடுவார்கள்.’ என் காலே கூடக் கொஞ்சம் நகர்ந்தது. போன வருஷம் பாயை நெருக்கிப் போட வைத்ததும் இந்தப் புத்திதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை மண்ணில் ஊன்றினேன். நகர மாட்டேன், கணக்குப் போட மாட்டேன், பழத்தை வாங்குவேன், பழத்தைக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தேன். எனக்கு ஐம்பது வயது, சாக்பீஸ் பிடித்த கை. தோள் இரண்டும் எரிந்தன. ஒரு பழம் கைநழுவி விழுந்து உடைந்தது. ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று. என் வீட்டுக்காரர் அந்தக் கோடியிலிருந்து, "கணக்கு டீச்சர் கழித்தல் கணக்கு போடறாங்க!" என்று கத்தினார். மூன்றாவதும் உடைந்தபோது மார்த்தாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயரம்மா! அந்தாண்ட போங்க நீங்க! இருக்கற பழத்த எல்லாம் நாசம் பண்ணிகினு!"

தோளைப் பிடித்து என்னை ஓரமாகத் தள்ளியே விட்டாள். வரப்பில் போய் உட்கார்ந்தேன். மார்த்தாள் குவியலிலிருந்து ஒரு பழத்தைத் தூக்கினாள். எதிரில் எஸ்தர் நின்றாள். நடுவில் யாரும் இல்லை. மார்த்தாள் கையில் பழத்தோடு ஒரு மூச்சு நின்றாள்.

"புடி" என்றாள்.

எஸ்தர் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் லாரி நிறையும் வரைக்கும் இரண்டு பேரும் ஒரு பேச்சும் பேசவில்லை. பழம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது லாரி கிளம்பியது. எல்லாரும் வாய்க்காலில் கை கால் கழுவினோம். நான் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, ஒரு நன்றி ஜெபத்துக்குத் தயாரானேன். வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மார்த்தாள் முன்னால் வந்து நின்றாள்.

"யக்கா, அன்னிக்கு நான் மறந்துட்டேன்க்கா. வோணும்னு பண்ணல. ரெண்டு புள்ளைங்களுக்கும் காய்ச்சலு. மாமாவுக்கு இன்னா ஆவுமோன்னு பயந்துகினே இருந்தேன். மோட்டாரப் போடுவேன், என்னுதுக்குத் தண்ணிய வுடுவேன், வூட்டுக்கு ஓடுவேன். உன் கொடி கீதுன்ற நெனப்பே வரல. எட்டு நாளும் வரல. மறந்தே பூட்டேன்க்கா."

"தெரியும்" என்றாள் மார்த்தாள்.

மார்த்தாள் எஸ்தரின் தலையில் இருந்த துண்டை உருவி, அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, "வூட்டுக்கு வா. சோறு கீது" என்றாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு ஓரகத்தி வீட்டுப் படியில் எஸ்தர் கால் வைத்தாள். நான் ஆரம்பிக்க இருந்த ஜெபத்தை அதோடு விட்டுவிட்டேன். அழுகைதான் வந்தது, நன்றாகவே அழுதேன்.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் போனபின் மார்த்தாள் என்னை வழியனுப்ப ஸ்கூட்டி வரைக்கும் வந்தாள்.

"ஐயரம்மா, ஞாயித்துக்கெழம மணிய இன்னும் கொஞ்சம் பலமா அடிக்கச் சொல்லுங்க. எங்க வூட்டுக்குச் சரியாக் கேக்க மாட்டேங்குது."

அவள் திரும்பி வரப்போகிறாள் என்று அவள் எனக்குச் சொன்ன விதம் அதுதான். சந்தோஷத்தில் சும்மா கிளம்பியிருக்கலாம். எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது, கேட்டுவிட்டேன்.

"மார்த்தாள், அவ மறந்துதான் போனான்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அப்பவே தெரியும். எஸ்தரு அப்பிடிப்பட்டவ கெடயாது."

"அப்போ போன வருஷம் ஏன் எழுந்து போனீங்க? கையைக் கொடுத்திருக்கலாமே?"



"நீங்க அவளை என் பக்கத்துல குந்த வெச்சீங்களே, அன்னிக்கு அவ மூஞ்சப் பாத்தேன். வாயத் தொறக்கறா, மூடறா. சொல்ல வர்றா, வர மாட்டேங்குது. ஊரே பாத்துகினு கீது, எப்படிச் சொல்லுவா? நான் அப்போ கையக் குடுத்துட்டா, எல்லாம் சரியாப் போச்சுன்னு நீங்க பாட்டு பாடிடுவீங்க. அவளுக்கு உள்ள இருக்கறது உள்ளயே கெடக்கும். சாவற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டா. சொல்லாம அவளுக்குத் தூக்கம் வராது, எனக்குத் தெரியும். அதான் எழுந்து பூட்டேன். அவளுக்கா எப்போ வருதோ அப்போ வரட்டும்னு காத்துகினு இருந்தேன்."

"அது சரி. அதுக்காக ஒரு வருஷம் கோயிலுக்கே வராம இருக்கணுமா?"

"வந்தா நீங்க சும்மா இருப்பீங்களா? மறுக்காவும் பாய மாத்திப் போடுவீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு சவுக்குத் தோப்பு தாண்டுகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்த ஒரு வருஷமும், செவ்வாய்க்கிழமைதோறும் அவள் வீட்டிலிருந்து திரும்பும்போது, இதே ரோட்டில் நான் ஒரு ஜெபம் செய்துகொண்டு போனேன். ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. ‘ஆண்டவரே, இந்த மார்த்தாளுக்குக் கொஞ்சம் பொறுமையைக் கொடும்’ என்பதுதான் அந்த ஜெபம்.